கொல்லிமலையில் நான் திருத்திய தாளம்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பதினேழாவது வளைவு வரைக்கும் நான் மலேசியாவிலிருந்து வந்த ஆய்வாளர். பதினெட்டாவதில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியதோடு அந்தப் பதவி போய்விட்டது.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தார். கோழி கண்ணை மூடி நிம்மதியாக இருந்தது. அந்த அம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, காலையில என்ன சாப்புட்டீங்க?"

"இட்லிங்க."

"எத்தன?"

"ஆறு."

"அதானுங்க. மலை ஏறறப்ப வெறும் வயித்தோட வரோணும். இல்லாட்டி இந்தக் கோழியாட்டம் கண்ண மூடிக்கோணும்." பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். "மோந்துக்கிட்டே வாங்க சாமி."

அறுபத்தொரு வயதில் ஒருவர் என்னைச் சாமி என்று அழைத்ததில் கொஞ்சம் கர்வம் வந்தது. பின்னால் யாரோ அழுத குழந்தையையும் அதே சொல்லால் சமாதானப்படுத்தியதைக் கேட்டதும் அடங்கிவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் தைப்பிங். தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வட்டாரத்து இளைஞர்கள் நடத்தும் உறுமி மேளக் குழுவுக்கு நான் ஆலோசகர். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கோயில் பஜனையில் நான் கைதட்ட ஆரம்பித்தால் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொள்வாள். அன்பு என்று பல வருஷம் நினைத்திருந்தேன். மற்றவர்களுக்குத் தாளம் தப்பக் கூடாதே என்பதற்காகவாம்.

எங்கள் பையன்கள் நன்றாகத்தான் வாசிப்பார்கள். ஆனால் எல்லாம் படப்பாட்டு அடி. ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, "மூலத்தைத் தேடிப் போக வேண்டும், பழைய அடிகளைப் பதிவு செய்து அடுத்த தலைமுறைக்குத் தர வேண்டும்" என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் பலத்த கைதட்டல். "சார், நீங்களே போய்ட்டு வாங்க" என்றான் ஒருவன். மற்ற எல்லோரும் அதை அவ்வளவு வேகமாக வழிமொழிந்ததுதான் இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது. என் மனைவி அன்று மாலையே பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் தேடி வந்தது மல்லிகா என்ற பெண்ணை. மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்; அப்படித் திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளர். ஆறு பெண்கள் அங்கன்வாடி முன்னால் நின்று மேளம் அடிக்கும் வீடியோ ஒன்று கை மாறி என் கைபேசிக்கு வந்திருந்தது. விசாரித்து எழுதினேன். "வாங்க சார், ஆடியில நோம்பி இருக்குது" என்று பதில் வந்தது. நோம்பி என்றால் அந்தப் பக்கத்தில் திருவிழா. ஊரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று மல்லிகா பிறகு கேட்டுக்கொண்டாள். உங்களைப் போல இன்னொருவர் வந்துவிட்டால் தாங்காது என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

மலை மேல் பேருந்து போய் நிற்கும் செம்மேட்டில் ஒரு விடுதியில் தங்கினேன். தைப்பிங்கில் மழை தினமும் மாலையில் வந்து, கொட்டி, போய்விடும். கொல்லிமலையின் ஆடி மழை அப்படி இல்லை. வந்ததா போனதா என்று தெரியாது. காற்றிலேயே ஈரம் நிற்கும். காலையில் எழுந்தால் சட்டை, போர்வை, பாஸ்போர்ட் எல்லாம் பிசுபிசுவென்று இருக்கும்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, மல்லிகாவின் ஊருக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டேன். தவறவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது என் கண் முன்னால்தான் நின்றது. முடவாட்டுக்கால் சூப் என்று பலகை வைத்த கடையில் நான் ஆட்டுக்கால் சூப்பைச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தேன். "எலும்பு நல்லா வெந்திருக்குங்க" என்று கடைக்காரரைப் பாராட்டியபோது, "அது கிழங்குங்க சார், பாறையில மொளைக்குது" என்றார். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் மீள்வதற்குள் பேருந்து போய்விட்டது.

அன்னாசி ஏற்றப் போன ஒரு ஜீப்பில் இடம் கிடைத்தது. ஓட்டியவர் பெயர் பெரியண்ணன். ஐம்பது வயது இருக்கலாம், ஒல்லி, அதிகம் பேசவில்லை. நான் மேளத்தைப் பற்றி விளக்கிக்கொண்டே போனேன். நாட்டார் இசையில் உள்ள கணிதம், அதைக் காக்க வேண்டியதன் அவசியம். அவர் "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறக்கிவிடும்போது அங்கன்வாடி வாசலில் காத்திருந்த மல்லிகா சொன்னாள்: "சார், இவருதாங்க எங்கூரு மருளாளி. மேளத்துக்கு இவரு மேலதான் ஆத்தா வரும்." எழுபது வளைவில் வந்ததைவிடப் பெரிய மயக்கம் எனக்கு அப்போது வந்தது.

மல்லிகாவுக்கு முப்பத்துநாலு வயது. பம்பை அடிப்பவள். இடுப்பில் இரண்டு மேளத்தை ஒன்றாகக் கட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிப்பாள். மற்ற ஐவரிடம் தப்பட்டை. அதில் நால்வர் மிளகுத் தோட்டத்துக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள். ஐந்தாமவள் தர்ஷினி, பதினொன்றாம் வகுப்பு. அவள் பள்ளி விட்டு வந்த பிறகுதான் பயிற்சி.

"ஆம்பளைங்க அடிக்கிறதில்லையா?" என்று கேட்டேன்.

"இருந்தாத்தானுங்க அடிப்பாங்க. எங்கூட்டுக்காரரு, அவரு தம்பி, மேளம் அடிக்கிற அத்தன பேரும் போர் வண்டில வடக்க போயிட்டாங்க." ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஏறினால் பத்து மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். "ரெண்டு வருசமா நோம்பிக்குக் கீழ இருந்து பேண்டு செட்டு வந்துச்சு. சினிமாப் பாட்டா வாசிச்சாங்க. ஆத்தா வரலீங்க."

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் அது சாதாரண விஷயம் இல்லை. மருளாளி மேல் அம்மன் இறங்கி வாக்குச் சொன்னால்தான் அந்த ஊரில் பலரும் பெண் கொடுப்பார்கள், புதுக் காடு உழுவார்கள், தகராறை விடுவார்கள். இரண்டு வருஷமாக ஊர் பதில் இல்லாமல் நிற்கிறது.

அதனால் மல்லிகா பம்பையை எடுத்தாள். கற்றுக்கொடுத்தது அவள் கணவர் சேகர், கைபேசி வழியாக. சத்தீஸ்கரில் எங்கேயோ, வண்டியின் டீசல் பீப்பாய் மேல் கையால் தட்டிப் பதிவு செய்து அனுப்புவாராம். ஒன்றைப் போட்டுக் காட்டினாள். இயந்திரத்தின் உறுமல், யாரோ இந்தியில் கத்துவது, அதற்கு நடுவே டண்டக டண்டக டண். அங்கன்வாடியில் சத்துமாவும் முட்டையும் வாங்க வரும் வாண்டுகளுக்கு அதுதான் பாட்டு. அவள் தினமும் அதைப் போட்டுக் கேட்பதால் அவர்களும் கேட்கிறார்கள்.

ஊர்க்கவுண்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஊர்க்கவுண்டர் என்றால் ஊரின் தலைவர். "பொம்பளைங்க அடிக்கப்படாதுன்னு நான் சொல்லலை. வெள்ளிக்கெழமை பூசைக்கு அடிங்க. பெரியண்ணனுக்கு ஒடம்பு சிலுத்தா நோம்பிக்கும் நீங்களே அடிங்க. இல்லாட்டி பேண்டு செட்டுக்குச் சொல்லிப்போடறேன். ஆத்தா வரலீன்னாலும் சத்தமாச்சும் இருக்கும்."

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். அந்த நேரத்தில்தான் ஆலோசகர் வந்து சேர்ந்தார்.

அவர்கள் அடித்தார்கள். நான் பதிவு செய்தேன். கைபேசியில் தாளம் எண்ணும் செயலி ஒன்று வைத்திருந்தேன். அதில் போட்டுப் பார்த்தால் எங்கேயும் பொருந்தவில்லை. ஏழு தட்டு சரியாக வருகிறது. பிறகு ஒரு வெற்றிடம். அது அரைத் தட்டும் இல்லை, ஒரு தட்டும் இல்லை. பிறகு மறுபடி ஏழு. நொண்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. விடுதிக்குப் போய்க் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நிச்சயம் எங்கேயோ ஒரு தட்டு தொலைந்து போயிருக்கிறது. டீசல் பீப்பாயில் தட்டியதில், இயந்திரச் சத்தத்தில், எட்டாவது தட்டு கேட்காமல் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் இரண்டு மலைவாழைப் பழம் சாப்பிட்டேன். தைப்பிங்குக்கும் போன் போட்டேன்.

"பசியாறிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நான் ஒரு தொலைந்துபோன தட்டைக் கண்டுபிடிச்சிருக்கேன்."

"மொதல்ல மாத்திரையைக் கண்டுபிடிங்க. இங்கேயே மறந்து வெச்சிட்டுப் போயிருக்கீங்க."

புதனன்று மல்லிகாவிடம் விளக்கினேன். சுவரில் கரிக்கட்டியால் ஏழு கோடு போட்டு, எட்டாவது கோட்டைப் பெரிதாகப் போட்டேன்.

"அப்படித்தானுங்க அவரு அனுப்புனாரு," என்றாள் மல்லிகா.

"அவர் சரியாத்தான் தட்டியிருப்பார். பதிவில் விழலை."

யோசித்தாள். கணவரை அழைத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் கடல் தாண்டி வந்தவர், வாத்தியார் வேறு, சுவரில் கோடு போட்டு நிரூபிக்கிறார். "சரிங்க சார்," என்றாள். அந்தப் பக்கத்தின் மரியாதைதான் என்னைக் கெடுத்தது என்று சொல்லிப் பழியை மரியாதை மேல் போட ஆசைதான். முடியவில்லை.

எட்டாவது தட்டு சேர்ந்ததும் அடி எவ்வளவு சுத்தமாகிவிட்டது! யாருக்கும் தடுமாற்றம் இல்லை. தர்ஷினி துள்ளினாள். "சூப்பர் சார், இப்ப ஈசியா இருக்குது!" வியாழன் மாலைக்குள் ஆறு பேரும் ஒரே கையாக அடித்தார்கள். நான் நடுவில் நின்று கைதட்டினேன். என் கையைப் பிடித்து நிறுத்த அங்கே யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. பெரியண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, கண்ணை மூடி நின்றார். பெண்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். கனகச்சிதம். என் கைபேசிச் செயலி பச்சை விளக்காக எரிந்தது.

பெரியண்ணன் நின்றார். பத்து நிமிடம் கழித்துக் கழுத்தைச் சொறிந்தார். இன்னும் பத்து நிமிடம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பேருந்துக்குக் காத்திருக்கும் ஆள்கூட அவரைவிடக் கொஞ்சம் அசைந்திருப்பான். கடைசியில் கும்பிட்டுவிட்டு, "கால் எடுக்க எடமே இல்லீங்க" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "பொம்பள கைக்கு வராதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

மல்லிகா பம்பையின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. தர்ஷினி தப்பட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர்க்கவுண்டர், "சரி விடு கண்ணு, அழுவாத" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்து, பேண்டு செட்டுக்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். எனக்குள் ஏதோ உறுத்தியது. எட்டாவது தட்டுதான் காரணமோ என்று தோன்றியது. ஆனால் ஊரே நிற்கிறது, நான் ஆலோசகர். வாயைத் திறக்கவில்லை. மல்லிகா ஒரு முறை என்னைப் பார்த்தாள். "சார்தான் சேர்க்கச் சொன்னாரு" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விருந்தாளி. என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டு, "பாத்துப் போங்க சார், மறக்காம சாப்புடுங்க" என்றாள்.

செம்மேட்டில் அன்று எனக்குக் களியும் கீரைக் கடைசலும் பரிமாறினார்கள். களி தொண்டையில் நின்றது. களி எப்போதுமே என் தொண்டையில் நிற்கும், அதனால் அதைக் குற்ற உணர்ச்சி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தூக்கமும் வரவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பேருந்துக்கே போய் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மல்லிகா பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பசி வந்த பிள்ளைகள் தட்டில் கரண்டியால் தட்ட ஆரம்பித்தன. முதலில் வெறும் சத்தம். பிறகு அது ஒன்று சேர்ந்தது. டண்டக டண்டக டண்.

அப்புறம் எல்லாக் கரண்டியும் மேலே போய் நின்றன. மூன்று வயது, நாலு வயது வாண்டுகள். ஒருவன் மூக்கு ஒழுகியபடி, கரண்டியைத் தூக்கிப் பிடித்து, காலை ஒரு முறை உதைத்தான். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் கீழே வந்தன. டண்டக டண்டக டண். அவர்களில் ஒருவனுக்குக்கூட ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணத் தெரியாது. அந்த வெற்றிடத்தை ஒருவன்கூடத் தவறவிடவில்லை.

உள்ளே போனேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "மல்லிகா, உங்க வீட்டுக்காரருக்குப் போன் போடணும்," என்றேன்.

ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் சிக்னல். பாறை வழுக்கியது. மல்லிகாவும் தர்ஷினியும் என்னை ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து மேலே இழுத்தார்கள். மூன்றாவது முயற்சியில் சேகர் கிடைத்தார். மல்லிகா வெள்ளிக்கிழமை அடித்ததன் பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள்.

பதிவு முழுசாக ஓடி முடிந்தது. பிறகு சேகர் கேட்டார்: "ஏம்புள்ள, அந்தச் சந்த யாரு அடைச்சது?"

"நாங்கதானுங்க, தெரியாம ஒரு தட்டு சேத்திட்டோம்," என்றாள் மல்லிகா.

"பெரியண்ணன் காலத் தூக்கறதே அந்தச் சந்துலதான? கோயில்ல இருந்து கல்லுப்படில எறங்கோணும். ஒரு காலத் தூக்கி, அடுத்த படில வெக்கற வரைக்கும் மேளம் நிக்கோணும். படி ஒண்ணொண்ணும் ஒவ்வொரு ஒசரம். அவரு காலப் பாத்துத்தான் அடிக்கோணும், எண்ணிக்கிட்டு அடிக்கப்படாது. இத நான் சொல்லலியா?"

"இல்லீங்க. நீங்க தட்டித்தான அனுப்புனீங்க."

"அட, ஆமா."

நான் கைபேசியை வாங்கினேன். "சேகர், நான்தாங்க அந்தத் தட்டைச் சேர்த்தேன். அவங்க இல்லை."

"ஓ, மலேசியா சாருங்களா!" குரலில் அவ்வளவு சந்தோஷம். "நல்லா இருக்கீங்களா சார்? சாப்புட்டீங்களா? எங்கூட்டுல நல்லாப் பாத்துக்கறாங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊர்க்கவுண்டரைப் பார்க்கத் தனியாகத்தான் போனேன். அவர் களத்தில் மிளகைத் தார்ப்பாயில் பரப்பி, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அடி தவறியது பெண்களால் இல்லை, நான் ஒரு தட்டு சேர்த்துக் கெடுத்தேன், நேற்றே சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மிளகைக் கிளறிக்கொண்டே கேட்டார். "எதுக்குங்க சேத்துனீங்க?"

"கணக்குச் சரியா வரலைங்க."

"கணக்கு வாத்தியாருங்களா?"

"ஆமாங்க."

"அதான்." இரண்டு முறை தலையசைத்தார். "பேண்டு செட்டுக்குச் சொல்லியாச்சுங்க, வந்துருவாங்க. வந்து ஒக்காந்திருக்கட்டும். மொதல்ல புள்ளைங்க அடிக்கட்டும். ஊருக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்." பிறகு, "நீங்களும் ஒரு தடவ சொல்லிப்போடுங்க. அவங்க மேல பழி வந்துபோச்சில்ல" என்றார். அன்று மாலை கோயில் முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசக்கூடிய எனக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. பெண் கைக்கு வராது என்று சொன்னவர் எழுந்து போனார்.

சிக்கல் அதோடு முடியவில்லை. தர்ஷினியின் கை எட்டாவது தட்டை விடமாட்டேன் என்றது. ஞாயிறு முழுக்க முயன்றாள். ஏழு வந்ததும் கை தானாக விழுந்தது. நாலாவது மணி நேரத்தில் குச்சியைத் தரையில் எறிந்தாள். "மூணு நாளு இதத்தான சார் பழக்கி வுட்டீங்க! இப்ப மறன்னா எப்புடி மறக்கறது?"

அவள் கோபம் நியாயம். குச்சியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"சார், நீங்க எதுக்க நில்லுங்க," என்றாள் திடீரென்று. "நீங்க பெரியண்ணன் மாமா. காலத் தூக்குங்க. நீங்க வெக்கற வரைக்கும் நான் அடிக்கலை."

அங்கன்வாடிக்கு மூன்று படி. அதில் ஏறி நின்றேன். டண்டக டண்டக டண், ஒரு காலைத் தூக்கு, கீழே வை. மறுபடி மேலே ஏறு. முதலில் நான் எங்கே காலைத் தூக்குவது என்று தெரியாமல் ஏழுக்கு முன்னாலேயே தூக்கினேன். பெண்கள் மேளத்தை நிறுத்திச் சிரித்தார்கள். வேலி ஓரம் நின்ற மாடு மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தர்ஷினி கறாரான வாத்தியார். "சார், சீக்கிரம் வெக்காதீங்க. சார், இந்தத் தடவ லேட்டா வைங்க, நான் நிக்கறனான்னு பாப்போம்." அன்றும் மறுநாளும் எத்தனை முறை காலைத் தூக்கினேன் என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். திங்கள் மாலை அவள் கை நின்றது. என் முழங்கால் அதற்கு முன்பே நின்றுவிட்டது. மல்லிகா விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தாள்.

செவ்வாய் காலை நோம்பி. கீழேயிருந்து வந்த பேண்டு செட்டுக்காரர்கள் சிவப்புச் சட்டையும் தங்க நிறத் தொப்பியுமாகப் பலா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாமைப் பொங்கலை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பெரக்கரை நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். தூறல் விடவில்லை. ஈரத்தில் தப்பட்டைத் தோல் தொய்ந்து தொம் தொம் என்றது. பெண்கள் காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தோலை வாட்டினார்கள். வாட்டி எடுத்து ஐந்து நிமிடத்தில் மறுபடி தொய்கிறது. என் பெரிய குடையை விரித்து மல்லிகாவின் பம்பைக்கு மேல் பிடித்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் பதிவுக்கருவி. இந்தப் பயணத்தில் முதல் முறையாக உபயோகமாக இருக்கிறேன் என்று நினைத்தேன்.

அடி ஆரம்பித்தது. பெரியண்ணன் மேல் படியில் நின்றார். டண்டக டண்டக டண். ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. பலா மரத்தடியில் ஒருவர் சாப்பாட்டை முடித்துக் கைகழுவி, டிரம்மின் உறையைக் கழற்றினார். தர்ஷினியின் உதடு வெளுத்திருந்தது. மல்லிகாவின் நெற்றி வியர்வையும் தூறலும் கண்ணில் இறங்கின. துடைக்கக் கை இல்லை. அவள் பெரியண்ணனின் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓர் ஏழு முடிந்தது, ஆறு பேரின் கையும் மேலே நின்றன. பெரியண்ணனின் வலது கால் படியிலிருந்து எழுந்தது.

அந்தக் கால் காற்றில் நின்றது. எனக்கு அது ரொம்ப நீளமாக இருந்தது, யாராவது அடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் அடிக்கவில்லை. கால் கீழ்ப் படியில் இறங்கியது, அந்தக் கணமே ஆறு மேளமும் விழுந்தன. அவர் உடம்பு சிலிர்த்தது. அடுத்த படி. அடுத்த படி. ஜீப்பில் என் பேச்சுக்கெல்லாம் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு வந்த ஒல்லி மனிதர் இல்லை இவர். கூட்டத்தில் பெண்கள் குலவையிட்டார்கள். ஊர்க்கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார், கண் நிறைந்திருந்தது.

எனக்கும் அழுகை வந்தது. அம்மன் படியிறங்கி நேராக என்னைப் பார்த்து வந்தது. சிவந்த கண். எனக்கு முன்னால் நின்றது. ஊரே பார்த்தது. தவறு செய்து, ஒப்புக்கொண்டு, முழங்கால் தேயத் திருத்தியவன். கடல் கடந்து வந்தவன். எனக்குத்தான் முதல் வாக்கு. பதிவுக்கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

"அக்கட்டால தள்ளி நில்லு," என்றது அம்மன்.

நான் குடையோடு மேளத்துக்கும் அதற்கும் நடுவில் நின்றிருந்தேன். தள்ளி நின்றேன். அம்மன் மல்லிகாவுக்கு எதிரே போய் நின்று, பம்பையின் மேல் இரண்டு கையையும் வைத்தது. மல்லிகா விம்மி அழுதாள், கை மட்டும் நிற்கவில்லை. பிறகு ஊர் வரிசையாக வந்து கேட்டது. இரண்டு வருஷத்துக் கேள்விகள். மதியம் தாண்டியும் ஓயவில்லை.

எல்லாம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். மல்லிகாவின் உள்ளங்கையில் கொப்புளம். தர்ஷினி மூன்றாவது முறை பாயசம் கேட்டாள். பேண்டு செட்டுக்காரர்களில் ஒருவர் வந்து, அந்த நிற்கிற இடத்தை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று அவளிடம் விசாரித்தார். அவள் இலையை விட்டு எழாமலே விரலால் தட்டிக் காட்டினாள்.

பெரக்கரை நாட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மல்லிகாவிடம் வந்து நின்றார். "ஏம்மிணி, எங்கூரு நோம்பிக்கும் நீங்கதான் வந்து அடிக்கோணும். எங்கூட்டு ரெண்டு புள்ளைங்களுக்கும் பழக்கி வுடோணும்."

"வாரோமுங்க," என்றாள் மல்லிகா.

அவர் போகவில்லை. தயங்கினார். என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த வெளிநாட்டு சாரும் கூட வருவாருங்களா?"

"இல்லீங்க, அவரு நாளைக்கே ஊருக்குப் போறாருங்க."

"அப்பச் சரிங்க," என்றார் பெரியவர். நிம்மதியாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்.